தோல் உரிக்கும் கத்தியும் எலும்பு நீக்கும் கத்தியும்

கவலை இறைத்த காலத்தில், தோலின் அருமையைக் குடியானவர்களுக்கு மற்றொருவர் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சாலோடு சேர்த்துக் கட்டிய தோல் தும்பியில் கடுகளவு துவாரம் இருந்தாலும், நீர் வாய்க்காலுக்கு ஏறுமுன் அதில் ஒரு பங்கு மீண்டும் கிணற்றிலேயே ஒழுகிவிடும். அத்துவாரங்களிற் பல, மாடு உயிரோடிருந்த காலத்தில் உண்டானவை அல்ல. தோலை உரிக்கும்போது கத்தி தவறியதால் உண்டானவை. இப்பொழுது கவலையின் இடத்தை மின்சார மோட்டார் எடுத்துக்கொண்டது. தும்பி போனதோடு, தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வழக்கமும் நம் வீடுகளிலிருந்து போய்விட்டது.

ஆனால் தோல் வியாபாரி இன்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே விலை சொல்லுகிறார். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு முதலிய ஊர்களில் தோல் பதனிடுந் தொழில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தென்னிந்தியத் தோல்கள் ஒரு காலத்தில் லண்டன் சந்தை வரை பெயர் பெற்றிருந்தன. 1948-ஆம் வருஷத்தில் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபின், பதனிடும் முறைகள் எவ்வளவோ திருந்தியிருக்கின்றன. எனினும் எந்த ரசாயனமும், எந்த யந்திரமும், தோலில் கத்தி செய்த துவாரத்தை மூடவல்லதன்று. அந்த நஷ்டம் கிராமத்திலேயே, சில நிமிஷங்களுக்குள் உண்டாகிவிடுகிறது. அதைத் தடுப்பதும் கிராமத்திலேதான் கூடும்.

இக்கட்டுரை வீட்டில் வளர்க்கும் ஆடு, மாடுகளைப் பற்றியதே. மான், காட்டுப்பன்றி, முயல் முதலிய வேட்டைப் பிராணிகளை உரிப்பதற்கும் கத்தியின் லட்சணம் இதுவேயாயினும், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்ட பிறகு அவற்றைக் குடியானவர் தம் இஷ்டப்படி வேட்டையாடுவது குற்றமாகும். ஆகவே அவற்றைப் பற்றி இங்கே பேசவேண்டியதில்லை.

ஒரு கத்தியால் வந்த இரண்டு நஷ்டங்கள்

சில வருஷங்களுக்கு முன் மேச்சேரி ஆடுகள் வளர்க்கும் ஒரு கிராமத்தில், ஒரு மிராசுதாரர் வீட்டுக் காதுகுத்து விசேஷத்திற்குச் சென்றிருந்தேன். மேச்சேரிச் செம்மறியின் தோல் மிருதுத் தன்மைக்கும் உறுதிக்கும் பெயர் போனது. வியாபாரிகள் அதைத் தேடி வாங்குவார்கள். அன்று குலதெய்வத்துக்கு ஐந்து கிடாய்கள் வெட்டப்பட்டன. பிற்பகலில் வந்த தோல் வியாபாரி ஒவ்வொரு தோலையும் சூரியனுக்கு எதிரே விரித்துப் பிடித்தார். ஒரு தோலில் மூன்று துவாரங்கள். மற்றொன்றில் துவாரமில்லை, ஆனால் உட்புறம் நெடுகக் கீறல்கள். ஐந்தில் ஒன்றே பழுதற்றதாக இருந்தது. அதற்கு மாத்திரம் முழு விலை கொடுத்தார்.

மிராசுதாரர் தோல் உரித்த பெரியவரைக் கடிந்துகொண்டார். அவர் நிதானமாக, "கையில குத்தமில்லைங்க, கத்தியைப் பாருங்க" என்றார். நான் அக்கத்தியை வாங்கிப் பார்த்தேன். அது அந்த வீட்டிலிருந்தே கொடுக்கப்பட்ட சூரிக்கத்தி. நீண்டு, குறுகி, ஊசிபோன்ற முனையோடு இருந்தது. பிடியின் மரம் பிளந்து, அதன்மேல் துணி சுற்றியிருந்தார்கள். பிடிக்கும் அலகுக்கும் இடையில் விரலைத் தடுக்க யாதொன்றும் இல்லை.

மறுநாள் அதே கத்தியைக் கொண்டு, மீந்த மாம்சத்தை உப்புக்கண்டம் போடுவதற்காக எலும்பிலிருந்து பிரித்தார்கள். மிராசுதாரருடைய தம்பியே அவ்வேலையைச் செய்தார். கொழுப்புப் படிந்த துணிப்பிடி வழுக்கியது. கை முன்னே சரிந்து அலகின்மேல் ஓடியது. ஆள்காட்டி விரலின் நரம்பு அறுந்துபோயிற்று. வைத்தியசாலையில் தைத்தார்கள், புண் ஆறியது. ஆயினும் அவ்விரலை இன்றுவரை அவரால் மடக்க இயலவில்லை. கறவை மாடுகள் வைத்திருந்தவர், பால் கறப்பதற்குப் பிறரை நம்பவேண்டியவரானார்.

நான்கு தோல்களும் ஒரு விரலும் போனது கைத்தேர்ச்சி இன்மையாலன்று. இரண்டு வேலைக்கும் ஒரே கத்தியை, அதுவும் இரண்டுக்கும் ஏற்காத கத்தியைக் கொடுத்தமையாலேயே. உரிக்கும் வேலைக்குக் கூர்முனை ஆகாது. எலும்பு நீக்கும் வேலைக்கு அது இல்லாமற் கூடாது. ஆதலால் இரண்டு கத்திகள் வேண்டும். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே. மற்றவை அதன் விவரம்.

தோல் உரிக்கும் கத்தி

உரிக்கும் வேலை இரண்டு பகுதிகளை உடையது. முதலாவது, தோலை நேர்கோட்டில் திறப்பது. இரண்டாவது, தோலுக்கும் மாம்சத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வைப் பிரிப்பது. இந்த இரண்டாம் பகுதியில்தான் துவாரங்களும் கீறல்களும் உண்டாகின்றன. கத்தியின் வடிவத்தை அதற்கு ஏற்றபடி அமைக்கவேண்டும்.

மாட்டுத்தோலுக்கு அலகின் நீளம் 5 முதல் 6 அங்குலம் போதும். ஆட்டுத்தோலுக்கு 3 முதல் 4 அங்குலமே போதும். நீளம் மிகுந்தால் முனை எங்கே போகிறதென்று கைக்குத் தெரியாது. அலகு அகலமாக, ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் இருத்தல் நலம். அகலமான அலகு தோலோடு படிந்து செல்லும்.

வெட்டும் விளிம்பானது பிறைபோல மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். நேரான விளிம்பு முழுவதும் ஒரே சமயத்தில் சவ்வில் பதிந்து இழுபடும். வளைந்த விளிம்போ ஒரு சிறு பாகத்தால் மாத்திரம் தொட்டு, வழுக்கிச் சென்று சவ்வை அறுக்கும். எங்கே அறுக்கிறோமென்பதும் கைக்குத் தெரியும்.

முனை கூராக இருக்கவே கூடாது. கட்டை விரலின் நுனிபோல உருண்டிருக்கவேண்டும். தோலிலுள்ள துவாரங்களிற் பெரும்பாலானவை, உரிப்பவர் அலகின் நடுப்பாகத்தைக் கவனித்துக்கொண்டிருக்கையில், முனை அவர் அறியாமல் தோலிற் பாய்வதால் உண்டாகின்றன. வீட்டிலுள்ள கூர்முனைக் கத்தியையே உபயோகிக்க வேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்தால், முனையை மாத்திரம் சாணையில் தேய்த்து உருட்டிவிட்டாலும் பாதி நஷ்டம் தவிரும்.

கீறலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலை ஊடுருவாத கீறலால் நஷ்டமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். தோல் பதனிடும் இடத்தில், தடிப்பைச் சமன்செய்வதற்காகத் தோலின் உட்புறத்தைச் சீவுவார்கள். அப்போது ஆழமான கீறல் துவாரமாகிவிடும். அல்லது அவ்விடத்தில் தோல் பலங்குன்றிக் கிழியும். வியாபாரி உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பது இதனாலேயே.

எலும்பு நீக்கும் கத்தி

நம் கிராமங்களில் கறியை எலும்போடு கட்டையின்மேல் வைத்து வெட்டுவதே சாதாரண வழக்கம். அதற்கு வேண்டுவது கனமான வெட்டுக்கத்தி. எலும்பைத் தனியே நீக்கவேண்டிய சந்தர்ப்பம் முக்கியமாக உப்புக்கண்டம் போடும்போது வருகிறது. மாம்சத்தை நீண்ட துண்டங்களாக அரிந்து, உப்பும் மஞ்சளும் காரமும் தடவி, நூலிற் கோத்து வெயிலிற் காயவைக்கும்போது, எலும்பும் அதைச் சார்ந்த சவ்வும் தங்கிவிட்டால் அவ்விடத்தில் ஈரம் நின்று கெட்டுப்போகும்.

இக்கத்தியின் அலகு 5 முதல் 6 அங்குல நீளமும், முக்கால் அங்குல அகலமும் உள்ளதாக, முனை கூராக இருக்கவேண்டும். குறுகிய அலகே எலும்பின் வளைவைத் தொடர்ந்து திரும்பும். கூர்முனையே மூட்டுக்களின் இடுக்கிற் புகும். மாட்டு மாம்சத்துக்கு வளையாத கெட்டி அலகும், ஆட்டு மாம்சத்துக்குச் சற்று வளையக்கூடிய மெல்லிய அலகும் ஏற்றவை.

இதை நெம்புகோலாக ஒருபோதும் உபயோகிக்கலாகாது. மூட்டைப் பிரிக்கும்போது எலும்பை அறுக்க முயலாமல், மூட்டை அசைத்துப் பார்த்து, குருத்தெலும்பு உள்ள இடத்தில் முனையைச் செலுத்தினால் மூட்டு தானே விடும். நெம்பினால் முனை ஒடியும். ஒடிந்த துணுக்கு மாம்சத்தில் தங்கி, உண்பவர் தொண்டைக்குப் போகக்கூடும்.

எஃகும் தோய்ச்சலும்

கடையில் விற்கும் துருப்பிடிக்காத எஃகுக் கத்தி சுத்தம் செய்ய எளியது. ஆனால் கூர் மழுங்கினபின், கிராமத்துத் தீட்டுக்கல்லில் அதைக் கூராக்க நேரமும் பொறுமையும் வேண்டும். சாதாரணக் கரி எஃகுக் கத்தி துருப்பிடிக்கும். ஆனால் சில நிமிஷத் தீட்டலில் நல்ல கூர் ஏறும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவும் வழக்கமுள்ள வீட்டுக்குக் கரி எஃகும், அவ்வழக்கம் இல்லாத வீட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகும் தக்கவை.

உள்ளூர்க் கொல்லரிடம் செய்வித்துக்கொள்வதே உத்தமம்; வேண்டிய வடிவத்தைச் சொல்லிச் செய்விக்கலாம். நம் கொல்லர்கள் அரிவாளுக்கு உபயோகிக்கும் லாரி ஸ்பிரிங் பட்டை இவ்விரு கத்திகளுக்கும் ஏற்றதே. அதைக் காய்ச்சி அடித்து, முதுகுப் புறத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கொண்டுவரவேண்டும். அரிவாளின் தடிப்பிலேயே விட்டுவிட்டால் அது வெட்டும், உரிக்காது.

தோய்ச்சலில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது. ஸ்பிரிங் எஃகைச் செஞ்சூட்டில் தண்ணீரில் அமிழ்த்தினால் வெடிப்பு ஏற்படலாம். எண்ணெயில் அமிழ்த்துவது நல்லது. அமிழ்த்திய பின் அலகு கண்ணாடிபோல் கடினமாயும், எளிதில் ஒடியக்கூடியதாயும் இருக்கும். ஆகையால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் புறத்திலிருந்து மெல்லச் சூடேற்றவேண்டும். உலோகத்தின்மேல் முதலில் வைக்கோல் நிறம் தோன்றும். பிறகு கபிலம், ஊதா, நீலம் என்று மாறிச் செல்லும். விளிம்பில் வைக்கோல் நிறம் வந்தவுடன், ஏறத்தாழ 220 முதல் 240 டிகிரி சென்டிகிரேடு சூட்டில், நிறுத்திவிட வேண்டும். நீலம் வரை விட்டால் எஃகு மிருதுவாகிக் கூர் நில்லாது.

வாங்குபவர் செய்யக்கூடிய பரீட்சை ஒன்றுண்டு. ஒரு புது அரத்தை விளிம்பிலே மெல்லத் தேய்த்துப் பார்க்கவேண்டும். அரம் சிறிதும் பற்றாமல் வழுக்கினால் அலகு மிகக் கடினம்; ஒடியும். ஈயத்திற் பதிவதுபோல் பதிந்தால் மிருது, மழுங்கும். அரைமனதாகப் பற்றினால் அதுவே சரியான பதம்.

பிடி

பிடியைக் கவனியாமல் அலகை மாத்திரம் பார்த்து வாங்குவதால்தான் விரல்கள் போகின்றன. அலகின் காம்பு பிடியின் கடைசி வரை நீண்டு, இரண்டு மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பிடியின் முன்புறம், அலகு தொடங்கும் இடத்தில், கீழ்நோக்கி ஒரு புடைப்பு இருப்பது மிகமிக அவசியம். கை வழுக்கினால் அங்கே தடைப்பட்டு நிற்கும். எலும்பு நீக்கும் கத்தியை முன்னோக்கிக் குத்த நேரிடுவதால், அதற்கு இது இரட்டிப்பு அவசியம்.

மரப்பிடியானால் பிளவோ இடைவெளியோ இருத்தலாகாது. இரத்தமும் கொழுப்பும் அங்கே தங்கி அழுகும். இக்காலத்து இறைச்சிக் கூடங்களில் இதுபற்றியே நீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் பிடிகள் உபயோகத்தில் இருக்கின்றன. துணி சுற்றிய பிடியை உடனே விலக்கிவிட வேண்டும்.

உரிக்கும் முறை

எவ்வளவு நல்ல கத்தியாயினும் அதை எவ்வளவு குறைவாக உபயோகிக்கிறோமோ அவ்வளவு நல்லது. தோலின் மேன்மையான பாகம் முதுகும் பின்புறமுமாம். வயிற்றுப்புறமும் கால்களும் மட்டமானவை. ஆகையால் கழுத்திலிருந்து வயிற்றின் நடுவழியே ஆசனம் வரையிலும், கால்களின் உட்புறமாகவும், நேர்கோட்டில் திறக்கவேண்டும். கோடு கோணினால் தோலின் வடிவமும் கோணும். வியாபாரி ஓரங்களைக் கழித்தே விலை பேசுவார். திறக்கும்போது விளிம்பு மேல்நோக்க, தோலின் உள்ளிருந்து வெளியே அறுக்கவேண்டும். மேலிருந்து அறுத்தால் மயிரும் அழுக்கும் மாம்சத்திற் படியும். கத்தியும் விரைவில் மழுங்கும்.

திறந்தபின், உடலில் சூடு இருக்கும்போதே, ஆட்டுக்குக் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறு கையின் முஷ்டியைத் தோலுக்கும் மாம்சத்துக்கும் இடையே அழுத்திச் செலுத்தினால் தோல் பெரும்பாலும் தானே பிரியும். ஒட்டிக்கொண்டிருக்கும் சில இடங்களில் மாத்திரம் கத்தி வேண்டும். சூடு ஆறிவிட்டால் முஷ்டி பயன்படாது. கத்தியையே நம்பவேண்டி வரும். தோல் எளிதில் பிரியவேண்டுமென்று வாயால் காற்றூதுவது அசுத்தமான வழக்கம், விட்டுவிடத் தக்கது.

மாட்டுக்குக் கத்தி அதிகம் வேண்டும். தோலைச் சுருக்கமின்றி இழுத்துப் பிடித்து, அலகின் தட்டைப் பக்கம் தோலோடு படியுமாறு வைத்து, விளிம்பு தோலை நோக்கித் திரும்பாதபடி, நீளமாக வீச வேண்டும். குத்திக் குத்தி அறுப்பதே கீறலுக்குக் காரணம். உரித்த தோலில் ஒட்டிய மாம்சத்தையும் கொழுப்பையும் நீக்கி, 4 அல்லது 5 மணி நேரத்துக்குள் உட்புறம் முழுவதும் உப்புத் தடவவேண்டும். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்புச் செல்லும்.

கூரும் சுத்தமும்

மழுங்கிய கத்தியே அபாயமானது. கூரான கத்திக்குப் பலம் வேண்டுவதில்லை. மழுங்கியதை அழுத்த நேரும், அழுத்தும்போது அது தவறும். தீட்டுக்கல்லில் அலகின் முதுகை எவ்வளவு உயர்த்துவதென்று பலர் கேட்கிறார்கள். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால் ஏறக்குறைய 20 டிகிரிக் கோணம் அமையும். ஒன்றரை அங்குல அகலமுள்ள உரிக்கும் கத்திக்கு அரை அங்குலம். முக்கால் அங்குல அகலமுள்ள எலும்பு நீக்கும் கத்திக்குக் கால் அங்குலம். முதலில் சொரசொரப்பான கல்லிலும் பிறகு வழவழப்பான கல்லிலும், இரு புறமும் சமமாகத் தீட்டவேண்டும். வேகமாகச் சுழலும் மின்சாரச் சாணையில் பிடித்து விளிம்பு நீலமாக மாறினால், கொல்லர் இட்ட தோய்ச்சல் அங்கே போய்விட்டதென்று அறியலாம்.

வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவவேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பின்பு சவுக்காரமும் வெந்நீரும் உபயோகிக்கலாம். இறைச்சிக் கூடங்களில் கத்திகளை 82 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் முக்கிச் சுத்தி செய்கிறார்கள். நன்றாகத் துடைத்து, தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் தடவி, மர உறையில் வைக்கவேண்டும். தோலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை உண்டாக்கும். மாண்ட மாட்டை உரித்த கத்தியை, உண்ணும் மாம்சத்துக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் உபயோகிக்கலாகாது. இயற்கையாக மாண்ட பிராணியின் மாம்சம் உண்ணத் தக்கதன்று.

கத்தியை எடுக்கவே கூடாத சமயம்

இதுவரை கூறியவற்றை மறந்தாலும், இனிக் கூறுவதை மறத்தலாகாது. ஆடோ மாடோ திடீரென மாண்டு, மூக்கு, வாய், ஆசனம் இவற்றிலிருந்து உறையாத கரிய இரத்தம் கசிந்தால், அல்லது உடல் விரைவில் ஊதி, வழக்கம்போல் விறைக்காமல் இருந்தால், அது அடைப்பான் நோயாக இருக்கலாம். எல்லா அடையாளங்களும் எப்பொழுதும் காணப்படுமென்பதில்லை. ஆகையால் காரணம் தெரியாத திடீர்ச் சாவு எதையும் சந்தேகிக்கவேண்டும். அவ்வுடலில் கத்தி படவே கூடாது.

காரணம் இது. திறக்கப்படாத உடலில் அந்நோய்க் கிருமிகள், உடல் அழுகும்போது சில நாட்களில் பெரும்பாலும் மடிந்துபோகும். உடலைத் திறந்து காற்றுப் பட்டால், அவை கெட்டியான வித்துக்களாக மாறி மண்ணில் பல பத்து வருஷங்கள் உயிரோடிருக்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த குருயினார்டு என்னும் சிறு தீவில் 1942-இல் இக்கிருமியை ஆடுகளின்மேல் பரீட்சித்தார்கள். அத்தீவை 1990-இல்தான் மனிதர் செல்லத் தக்கதென்று அறிவிக்க முடிந்தது. ஒரு தோலின் விலைக்காக ஒரு மேய்ச்சல் நிலத்தை அந்நிலைக்குக் கொண்டுவருவது எத்தகைய வியாபாரம்!

உரிப்பவருக்கோ அபாயம் இன்னும் கிட்டியது. கையிலுள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி புகுந்து, முதலில் வலியற்ற கொப்புளமாகவும், பின்பு நடுவில் கரிய பொருக்குள்ள புண்ணாகவும் தோன்றும். உடனே வைத்தியசாலைக்குச் சென்றால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இத்தகைய சாவு நேர்ந்தால், 2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, உடைமையாளர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கவேண்டும். அவர்கள் அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். மணியம், கர்ணம் பதவிகள் 1980-இல் எடுபட்டபின், இப்பொறுப்பைக் கவனிக்க வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலரே. வைத்தியர் வரும்வரை உடலை நாய், காகம் அணுகாமல் காக்கவேண்டும். பிறகு அவர் சொல்லும் வண்ணம் எரிக்கவோ, 6 அடிக்குக் குறையாத ஆழத்திற் புதைக்கவோ வேண்டும். இந்நோய் கண்ட ஊர்களில் வருஷந்தோறும் தடுப்பூசி போடுவிப்பதே நிலையான பாதுகாப்பு.

உரிப்பவரைப் பற்றி

கடைசியாக ஒன்று. மாண்ட மாட்டை எடுப்பதும் உரிப்பதும் இன்ன ஜாதியாரின் கடமை என்று எண்ணி, அவர்களை நிர்ப்பந்திக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, தீண்டாமையைக் காரணமாகக் கொண்டு ஒருவரை அவ்வேலைக்குக் கட்டாயப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் 1989-ஆம் வருஷத்துச் சட்டத்திலும், 2015-இல் செய்த திருத்தத்தினால், அவர்களைக் கொண்டு பிணங்களையும் மாண்ட பிராணிகளையும் அப்புறப்படுத்துவிப்பது குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கிராம அதிகாரிகள் இதை நன்கு அறிந்திருக்கவேண்டும். உரிப்பது ஒரு தொழில். தேர்ச்சி வேண்டிய தொழில். இஷ்டப்பட்டு அதைச் செய்பவருக்குப் பேசிய கூலியும், கையுறையும், நல்ல கத்தியும் கொடுப்பது, தோலின் விலையைப் பெறுகிறவருடைய கடமை. தோலில் துவாரம் விழுந்தபின் அவரைக் கடிந்துகொள்வதால் துவாரம் மூடப்போவதில்லை.

மேலே சொன்ன மிராசுதாரர் அடுத்த விசேஷத்துக்கு முன்னரே உள்ளூர்க் கொல்லரிடம் இரண்டு கத்திகள் செய்வித்தார். ஒன்று உருண்ட முனை, மற்றொன்று கூர்முனை. அதே பெரியவரே உரித்தார். அவ்வருஷம் வியாபாரி தோல்களை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது ஒன்றிலேனும் துவாரம் இல்லை. ஒரு தோலில் மாத்திரம் கழுத்தோரமாய் ஒரு கீறல் இருந்தது. பெரியவர் அதைத் தாமே முதலில் சுட்டிக் காட்டினார்.

ஆகவே விவசாயிகள் வருகிற ஆடி மாத விசேஷங்களுக்கு முன் தத்தம் வீட்டிலுள்ள கத்தியை எடுத்துப் பார்ப்பார்களாக. முனை கூராக இருந்தால் அது உரிப்பதற்கு உதவாது. பிடியில் புடைப்பு இல்லையானால் அது எலும்பு நீக்க உதவாது. இரண்டையும் கொல்லரிடம் கொண்டுசென்றால், சொற்பச் செலவில் இரண்டு நல்ல கத்திகளோடு வீடு திரும்பலாம்.